முத்துக் குளித்த பரம்பரை

மே 11, சனி

இந்த நோட்டு யாமினி கொடுத்தது. மெல்லடி என்று ஒரு பயணக் குழு நடத்துகிற சென்னைப் பெண். ஊர் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊர் ஏழைகள் கையில் நாலு காசு சேரும்படி வந்துபோக வேண்டும், அவர்களைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் கொள்கை. பெரிய படகுத்துறையில் எங்கள் ஆட்களைத் துடுப்புப் போட விடுவதில்லை என்று கேள்விப்பட்டு, நேராக எங்கள் இருளர் தெருவுக்கே வந்துவிட்டது. முப்பத்தொரு வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரிய மனிதன் நான். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன். ஒரே தடவையில் தேறினவனுக்கு ஏது இந்த அனுபவம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டியது. விருந்தாளிகள் என்ன சாப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லாம் எழுத வேண்டுமாம்.

இன்று முதல் கூட்டம், எட்டுப் பேர். காலையில் இட்லி, மதியம் நண்டுக் குழம்பு. நடுவில் படகு. சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் வாய்க்காலில் எங்கள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். என் மனைவி பூங்காவனம் ஒரு நாளில் பேசாமல் இருப்பது அந்த நாலு மணி நேரம்தான்.

படகில் ஒருவர் ஒன்று கேட்டார். அதை எழுதத் தேவையில்லை. அதற்கு நான் சொன்ன பதிலை எழுதுகிறேன்: "எங்க முப்பாட்டன் காலத்துல நாங்க ராசாவுக்கு முத்துக் குளிச்சவங்க சார். கப்பல்ல வந்தோம். கப்பல் ஒடைஞ்சி இங்க ஒதுங்கிட்டோம்."

எட்டுப் பேரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு தம்பி போனில் படம் பிடித்தார். பூங்காவனம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். வாயில் பறியோடு ஒரு பெண் பார்க்கிற பார்வைக்குத் தனி வேகம் உண்டு.

மே 12, ஞாயிறு

வீட்டில் பறி இல்லாமலேயே பேசவில்லை.

மே 18, சனி

ஏழு பேர். கப்பல் உடைந்ததோடு ஒரு புயலையும் சேர்த்தேன். முத்து ஒன்று ராணியின் மூக்குத்திக்குப் போயிற்று. "இதெல்லாம் யாருமே சொல்லலையே அண்ணா, நிஜமாவா?" என்று யாமினி கேட்டது. "பெரியவங்க சொல்லக் கேட்டதும்மா" என்றேன். பொய் சொல்கிறவன் எப்போதும் செத்தவர்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவான் போலிருக்கிறது.

விருந்தாளிகள் நல்லவர்கள். சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவினார்கள். எங்கள் பெண்கள் வழக்கமாக வியாபாரி சொல்லுகிற விலைக்கு இறாலைக் கொட்டிவிட்டு வருவார்கள். இன்று தெருவிலேயே சமைத்துப் போட்டதில் ஒவ்வொருத்தி கையிலும் காசு இருந்தது. மருமகள்காரி ஒருத்தி வெள்ளிக் கொலுசு வாங்கப் போகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் வேண்டுமென்றே இருமிக்கொண்டே இருக்கிறாள்.

மே 27, திங்கள்

என் மகள் மோனிஷா பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்றுப் பதினேழு. என் மூன்று பரீட்சையையும் கூட்டினால்கூட அதில் பாதி வராது. நர்சிங் படிக்க வேண்டுமாம். இருளர் என்று சாதிச் சான்றிதழ் இருந்தால் ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம், கட்டணமும் கிடையாது. அது இல்லாவிட்டால் எதுவும் கிடையாது. ஜூலை 4 மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் இதுவரை யாருக்கும் அந்தச் சான்றிதழ் கிடைத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஐந்தாவதோடு தண்ணீரில் இறங்கிவிடுகிறவர்களுக்கு அது எதற்கு? மனுவை நான்தான் எழுதினேன். "அப்பா கையெழுத்து அழகு" என்றது. நாள் முழுக்க அந்தச் சொல்லோடு அலைந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ. சான்றிதழ் விசாரணைக்கு வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை.

"இருளர்னா மலையில, காட்டுல இருக்கணும். நீங்க தண்ணியில கெடக்குறீங்க?"

"காடே தண்ணிக்குள்ளதான் சார் இருக்கு. நாங்க என்னா பண்றது?"

"பாம்பு புடிப்பியா?"

"பாம்பப் பாத்தா அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஓடுவேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"எலி?"

"அதெல்லாம் எங்க ஆளுங்க யாரும் செய்யறதில்ல சார்."

அதையும் எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு பூங்காவனம், "யாரும் செய்யறதில்லையா?" என்றாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். எங்களிடம் ஒரே கோழிதான். இன்று அது நிறையத் தண்ணீர் குடித்தது.

ஜூன் 8, சனி

ஒன்பது பேர். முதல் நாள் படம் பிடித்த தம்பி அதை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டாராம். படகில் ஏறும்போதே, "நீங்கதானே அந்த முத்துக்குளி அண்ணன்?" என்று கை கொடுத்தார்கள். இந்தக் கையை இதுவரை அப்படி யாரும் பிடித்ததில்லை. மோனிஷா, "அதுல என்னாப்பா சொன்ன?" என்றது. சும்மா தமாஷுக்கு என்றேன்.

ஜூன் 13, வியாழன்

சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கிளார்க் என் மனுவைத் தேடி எடுத்து, அதன் மேலே போனை வைத்து ஒரு வீடியோவை ஓட விட்டார். நான்தான். தலை சீவியிருந்தேன். கப்பல், ராஜா, முத்து.

"நீயே சொல்றியேய்யா, வேற எங்கேருந்தோ வந்தோம்னு. நாங்க எப்படி இருளர்னு குடுக்கறது?"

பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆபீசில் சிக்னல் நன்றாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஆபீசர் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்றேன். மோனிஷா சரி என்று தலையாட்டி எனக்கு மோர் கொடுத்தது. மோரில் உப்பு சரியாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூன் 15, சனி

இன்றைக்கு நடந்ததை விட்டுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

படகில் ஆறு பேர். யாமினியும் இருந்தது. விருந்தாளிகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க மோனிஷாவும் ஏறிக்கொண்டது. ஈரோட்டில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற தேவகுஞ்சரி என்கிற அம்மா, "முத்துக் கதைய நேர்ல கேக்கணும்னுதான் தம்பி வந்தேன்" என்றார்.

இனிமேல் சொல்வதில்லை என்று இரண்டு நாளாகத் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஆறு முகம் ஒன்றாகத் திரும்பினால் என் வாய் என்னைக் கேட்பதில்லை. "அது ஒரு காலம்மா. எங்க முப்பாட்டன்..."

தண்ணீரிலிருந்து 'தூ' என்று ஒரு சத்தம். பூங்காவனம் கயிற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நின்றாள். பறி சாய்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் துள்ளித் துள்ளிப் போயிற்று.

"எந்த முப்பாட்டன்யா? உங்க அப்பாரு எலி வளை வெட்டி, அதுக்குள்ள கெடந்த நெல்ல அள்ளியாந்து உங்களுக்குக் கஞ்சி காச்சுனவரு. எங்கம்மா இதே வாய்க்கால்ல என்ன வயித்துல வச்சிக்கிட்டு எறா தொழாவுனவ. ராசாவாம், முத்தாம்! பல்லுல கயிறு இருக்குதேன்னு ஒரு மாசமா கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

யாரோ போனைக் கீழே இறக்கினார்கள். ஒரு மீன்கொத்தி கிளை மாறி உட்கார்ந்தது. நான் துடுப்பைப் பார்த்தேன்.

தேவகுஞ்சரி அம்மா திட்டவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி, "ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?" என்றார்.

சொல்லிவிட்டேன். முதல் நாள் ஒருவர் கேட்ட கேள்வி: "நீங்கள்லாம் எலி தின்பீங்களாமே, நெஜமா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கூட இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். படகு அப்போது எங்கள் கரையை ஒட்டித்தான் போயிற்று. மோனிஷா கரையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தது, அதன் காதில் விழுந்திருக்குமோ என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வாயில் முத்து வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அந்த வீடியோ இப்ப ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கும்மா. அதனாலதான் எம்பொண்ணு சர்டிபிகேட் நிக்குது."

மோனிஷா தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "ஆபீசர் இல்லன்னு சொன்ன?" என்றது.

படகைக் கரைக்குத் திருப்பினேன். இதுவரை அந்த வாய்க்கால் எனக்கு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் மோனிஷா சொன்னது இது:

"எலின்னு சொல்ல உனக்கு வெக்கம். அந்த எலி புடிக்கிற சாதியில பொறந்தவன்னு எழுதிக் குடுங்கன்னு நான் மனுப் போட்டுக் கெஞ்சறேன். ரெண்டு பேர்ல யாருப்பா பைத்தியம்?"

அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை. "அவர சாப்பிடச் சொல்லும்மா" என்று பூங்காவனம் வழியாகத் தகவல் வருகிறது. இருப்பது ஒரே அறை.

ஜூன் 18, செவ்வாய்

யாமினி வந்தது. வீடியோ போட்ட தம்பி அதை நீக்கிவிட்டாராம், ஆனால் ஏற்கெனவே நாலு பேர் நாலு இடத்தில் போட்டுவிட்டார்கள். "எம்மேலயும் தப்பு இருக்கு. கதை நல்லா இருந்துச்சு, எல்லாரும் ரசிச்சாங்க, நான் வேற யார்கிட்டயும் கேக்கல" என்று கண் கலங்கியது. விருந்தாளிகளில் பெரிய வேலையில் இருக்கிறவர்கள் உண்டு, அவர்களை விட்டு மனுப் போடலாம் என்றது.

மோனிஷா வேண்டாம் என்றது. "ரெண்டு நாள் வந்து நண்டு சாப்பிட்டவங்க, நான் யாருன்னு எப்படிக்கா சாட்சி சொல்லுவாங்க?"

அப்படியானால் கொஞ்ச நாள் யாரையும் அழைத்து வராமல் நிறுத்திவிடலாம் என்றது யாமினி. தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கொலுசு வாங்கின மருமகள்காரியின் குரல்தான் தூக்கலாக இருந்தது. கடைசியில் பூங்காவனம் முடித்துவைத்தாள்: "வரட்டும். வர்றவங்க மேல குத்தம் இல்ல. ஆனா தண்ணியில வேலை செய்யறப்ப எங்களப் பத்தி யாரும் பேசக் கூடாது. கரையேறி, துணி மாத்தி, உக்காந்தப்பறம் கேக்கட்டும். நாங்க சொல்றோம். புடிக்கலன்னா சொல்ல மாட்டோம். படம் புடிச்சா அவங்கவங்ககிட்ட காட்டிட்டுத்தான் வெளிய போடணும்."

யாமினி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. என் வேலை என்ன என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு துடுப்புப் போடு."

ஜூன் 22, சனி

ஐந்து பேர். வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டேன். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாகத் துடுப்புச் சத்தம் காதில் விழுந்தது.

ஜூன் 24, திங்கள்

நான் சொன்னது பொய் என்று என் கையாலேயே எழுதி ஆர்.டி.ஓ. அம்மாவிடம் கொடுத்தேன். அழகான கையெழுத்து. அவர் இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குச் சொல்றீங்களா? நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். மேசையில் மூடிவைத்த டீ அப்படியே இருந்தது.

"உங்க ரத்த உறவுல யாருக்காவது இருளர் சான்றிதழ் இருக்கா? அவர கூட்டிட்டு வாங்க. விசாரிச்சிட்டுப் போட்டுடறேன். இல்லன்னா இந்த மனு நிக்காது."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மோனிஷா பக்கத்தில் நின்றது. கூட்டி வருகிறேன் என்றேன்.

இருக்கிறது. என் கூடப் பிறந்த அண்ணன் மண்ணாங்கட்டி. வீராணம் ஏரிப் பக்கம் வயலில் எலி வளை வெட்டுகிறார். அந்தத் தாலுகாவில் அவருக்குப் பத்து வருடத்துக்கு முன்பே கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருடம். சண்டை எதுவும் இல்லை. அவர் ஒருநாள் மோனிஷாவைப் பார்க்க அதன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார், இடுப்பில் கட்டிய எலிகளோடு. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். இனிமேல் வரவேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். இதை இந்த நோட்டில் மட்டுமல்ல, எங்கேயுமே எழுதியதில்லை.

ஜூன் 27, வியாழன்

மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்திருந்தேன். பூங்காவனம் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சில்லுன்னு இருக்கு. எழுந்து போ" என்றாள்.

அண்ணன் வரப்போரம் குப்புறக் கிடந்தார். ஒரு பக்கம் வளையை வெட்டி வைத்துவிட்டு, மறுபக்கம் சட்டி வழியாகப் புகை ஊதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பதினோரு வருடம் ஒன்றுமே இல்லாத மாதிரி, "டேய், அந்த ஓட்டைய அடைடா, ஓடிடப் போவுது" என்றார். உட்கார்ந்து இரண்டு கையாலும் அடைத்தேன். உள்ளே ஒன்று வந்து என் உள்ளங்கையில் முட்டியது.

வீட்டில் அண்ணி சோறு போட்டார். குழம்பில் என்ன கறி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

"வீடியோ பாத்தோம் கொழுந்தனாரே" என்றார் அண்ணி. "ஒங்க அண்ணன் அன்னைக்கெல்லாம் சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. ராத்திரி சாப்பிடல."

"ஏன்டா, ராசாவுக்கு முத்துக் குளிச்ச குடும்பமாச்சே நாம, எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கலியா?" என்றார் அண்ணன். சிரிக்கத்தான் சொன்னார்.

விஷயத்தைச் சொன்னேன். அலமாரி கிடையாது. அரிசிப் பானைக்குள் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த சான்றிதழை எடுத்துத் துடைத்தார்.

"பொண்ணு என்னாவா ஆவப் போவுது?"

"நர்சு."

"எப்ப வரணும்?"

அவ்வளவுதான் கேட்டார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் திரும்பி வரும் வழி கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 1, திங்கள்

அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார், மடிப்புக் கலையாமல். ஆபீஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மோனிஷா, "போட்டுக்கிட்டு வாங்க பெரியப்பா, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க" என்று குனிந்து எடுத்துக் கொடுத்தது.

உள்ளே ஐம்பது பேராவது இருந்தார்கள். கிளார்க்கு என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க முத்துக்குளி" என்றார். பெஞ்சில் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். ஆர்.டி.ஓ. அம்மா சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இவர் யாரு உங்களுக்கு?"

"கூடப் பொறந்த அண்ணன் அம்மா. ஒரே அப்பா, ஒரே அம்மா."

"என்ன தொழில்?"

அண்ணன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "எலி புடிக்கிறாரும்மா. எங்கப்பாவும் எலி புடிச்சாரு. நானும் சின்ன வயசுல புடிச்சேன். போன வியாழக்கிழமகூட சாப்பிட்டேன்."

மறுபடி சிரித்தார்கள். இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. அதனாலோ என்னவோ சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்: அப்பா பெயர், அம்மா ஊர், குலதெய்வம், எந்த மாதம் கும்பிடுவீர்கள் என்று. பதிலெல்லாம் ஒத்துப்போயிற்று. வியாழக்கிழமை வரச் சொன்னார்.

"வியாழக்கெழமதான்மா கடைசி நாள்" என்றேன்.

"தெரியும். காலையில பத்து மணிக்கு வாங்க."

ஜூலை 4, வியாழன்

பத்து மணிக்குப் போனோம். அண்ணனும் வந்தார். வரவேண்டாம் என்றேன், மறுபடி சாட்சி கேட்டால் என்ன செய்வாய் என்றார். அந்த அம்மா ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். இந்த முறை நிஜமாகவே ஆபீசர் இல்லை. இதை வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். மூன்றே முக்காலுக்கு வந்தார். நாலு பத்துக்குக் கையெழுத்து. எதிர்ச்சாரியில் கம்ப்யூட்டர் கடை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் கைகூப்பிக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஏறியது. இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

திரும்பும்போது டவுன் பஸ். மோனிஷா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிப் பெரியப்பாவை உட்கார வைத்துக்கொண்டது. நர்சிங்கில் எத்தனை வருடம், ஊசி போடும்போது கை நடுங்காதா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அதுவும் சொல்லிக்கொண்டே வந்தது. பின்னால் எனக்கும் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே நின்றேன்.

கண்டக்டர் வந்தார். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். மோனிஷா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னது, பதினெட்டு நாளுக்குப் பிறகு:

"பெரியப்பாவுக்கும் சேத்து எடுப்பா. நம்ம ஊருக்கே எடு."